குடிலும் ஒப்புதல் சீட்டும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு 23-ஆம் தேதி மதியத்தோடு முடிகிறது. அன்று பிற்பகல் இரண்டரை மணிக்குப் பள்ளி முற்றத்தில் கிறிஸ்துமஸ் விழா. வழக்கமாக இந்த இரண்டு வரியை அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவோம். இந்த வருடம் அது போதாது. காரணம் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விழாவில் போடும் இயேசு பிறப்பு நாடகத்தில் இடையனாக நடிக்க ஒரு பையனைத் தேர்ந்தெடுத்தோம். 'என் பிள்ளை குடிலுக்கு முன்னால் முட்டுக்குத்த வேண்டாம்' என்று அவன் அப்பா குழுவில் எழுதினார். அதற்கு ஒரு பதில், பதிலுக்கு ஒரு பதில், இரவு பதினொரு மணிக்குள் நூற்றுச் சொச்சம் செய்திகள். சண்டையைத் தீர்க்கலாம் என்று நினைத்த ஒரு தாய், 'குளிர்கால விழா என்று பெயரை மாற்றிவிடலாமே' என்றார். அவ்வளவுதான், அதுவரை சும்மா இருந்தவர்களும் கிளம்பிவிட்டார்கள். (டிசம்பரிலும் மின்விசிறி போட்டுத் தேர்வு எழுதும் ஊரில் குளிர்காலத்துக்கு எங்கே போவது என்பது வேறு விஷயம்.) 'ஹெச்.எம். எந்த மதம்?' என்று அலுவலகத்துக்கு ஒரு போனும் வந்தது. எடுத்தவர் 'சார் கணக்கு' என்று சொல்லி வைத்துவிட்டார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பெயரை மாற்றப்போவதில்லை. கார்த்திகை முதல் தேதியிலிருந்து மாலை போட்ட பிள்ளைகள் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை 'உடல்நல விரதம்' என்று அழைக்கச் சொல்லி யாரும் என்னிடம் வரவில்லை. நோன்பு மாதத்தில் மதியம் சாப்பிடாமல் நூலகத்தில் இருக்கும் பிள்ளைகளை நாங்கள் 'டயட்டில் இருப்பவர்கள்' என்று சொல்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஏன் முகமூடி? 2011 கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.2. தலை எண்ணிக்கையைக் காட்டி ஒருவர் இன்னொருவரை அடக்கிவிட முடியாத கணக்கு இது. இங்கே பக்கத்து வீட்டுப் பண்டிகையின் பெயர் தெரியாமல் வளர்ந்த பிள்ளை என்று ஒன்று கிடையாது.

நான் தோவாளைக்காரன். அப்பா பூக்கட்டும் வேலை. சுசீந்திரம் மார்கழித் திருவிழாவும் கிறிஸ்துமஸும் ஒட்டி வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு நன்றாக எரியும். சபரிமலைக்கு மாலை, சுசீந்திரத்துக்குச் சரம், தேவாலயப் பீடத்துக்குக் கொத்து என்று அப்பா இரவெல்லாம் கட்டுவார். பிச்சிப்பூ விலை ஏறினால் அவருக்கு அதுதான் மத நல்லிணக்கம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, விலை இறங்கிய நாட்களில் எல்லா சாமியையும் சேர்த்துத்தான் திட்டுவார்.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அதில் தவறு எங்களுடையது. வீட்டில் கேட்காமலே வேடம் கொடுத்துவிட்டோம். நாடகத்தில் முட்டுக்குத்துவது வழிபாடு ஆகாது என்பது என் எண்ணம். ஆனால் இன்னொருவர் பிள்ளை விஷயத்தில் என் எண்ணத்துக்கு இடமில்லை. அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, பிள்ளை சிறுவயது என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். இது எங்களைப் போன்ற உதவி பெறும் பள்ளிக்கும் பொருந்தும்.

1985-இல் பக்கத்துக் கேரளத்தில், தேசிய கீதம் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மட்டும் மாட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தேசிய கீதத்துக்கே அப்படி என்றால் இடையன் வேடம் எம்மாத்திரம்? அந்தப் பையன் இப்போது ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிறான், அது அவனே கேட்டு வாங்கிய வேலை.

இந்தக் கடிதத்தோடு ஒரு ஒப்புதல் சீட்டு இருக்கிறது. உடனே ஒரு சந்தேகம் வரும். 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூர் மாவட்டத்தில், கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடுவதற்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று கல்வித் துறை உத்தரவிட்டது. நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள் என்று ஓர் ஆசிரியரே கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பண்டிகையை மட்டும் தனியே நிறுத்திச் சீட்டுக் கேட்டால் அது அந்தப் பண்டிகையின் மேல் வைக்கும் பூட்டு. அதனால் இந்தச் சீட்டில் சரஸ்வதி பூஜை, பொங்கல், இப்தார், கிறிஸ்துமஸ் எல்லாம் இருக்கின்றன. விருப்பமில்லாததை அடித்துவிடுங்கள். காரணம் எழுத இடம் விடவில்லை, வேண்டுமென்றேதான்.

குழுவில் சிலர் அமெரிக்க வீடியோக்களைப் போட்டிருந்தார்கள், 'கிறிஸ்துமஸ் மீது போர்' என்று. அது அவர்கள் சண்டை. அங்கே 1984-இல் பாட்டக்கெட் நகராட்சி வைத்த குடில் உச்ச நீதிமன்றத்தில் தப்பியது, பக்கத்திலேயே கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடும் கலைமான்களும் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஐந்து வருடம் கழித்து நீதிமன்றப் படிக்கட்டில் தனியாக வைத்த இன்னொரு குடில் தோற்றது. நம் சட்டமும் வேறு, வழக்கமும் வேறு. அப்புறம் ஒன்று: அதே நாட்டில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. போட்டவர்கள் வேறு மதத்தார் இல்லை. பைபிளில் இல்லாத பண்டிகை என்று சொன்ன தீவிரக் கிறிஸ்தவர்கள்தான்.

நம் ஒத்திகையிலும் ஒரு சண்டை நடந்தது, அதுதான் எனக்குப் பிடித்தது. தேவதூதர் பாட்டை வாசிக்க இரண்டு பெண்கள். சி.எஸ்.ஐ. சபைப் பெண் 'பூமியிலே சமாதானமும், மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக' என்றாள். கடற்கரையிலிருந்து வரும் கத்தோலிக்கப் பெண் 'உலகில் அவருக்கு உகந்தோருக்கு அமைதி உண்டாகுக' என்றாள். எது சரி என்று இருவருக்கும் வாக்குவாதம். தெரிந்தவர்களிடம் கேட்டேன். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளிலேயே அந்த இடத்தில் ஓர் எழுத்து வேறுபடுகிறதாம். அமைதி எல்லோருக்குமா, உகந்தவர்களுக்கு மட்டுமா? நாம் குழுவில் இரவு பதினொரு மணி வரை அடித்துக்கொண்டதும் அந்த ஓர் எழுத்துக்குள்தான் இருக்கிறது என்று தோன்றியது. இரண்டையும் வாசிக்கச் சொல்லிவிட்டேன். ஒரு வாக்கு என்னுடையது என்றால், நான் 'பிரியம்' பக்கம். நல்லெண்ணம், நல்லிணக்கம் எல்லாம் மேடைச் சொற்கள். பிரியம் என்பது எங்கள் அம்மா வாயில் இருந்த சொல்.

ஒரு வேண்டுகோள், இதில் விளையாட்டு இல்லை. 1982 மார்ச் 1 அன்று மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனபோது எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவுக்குச் செய்தி கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூட அன்று மண்டைக்காட்டில் இருந்ததில்லை. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். பல மாதங்கள் அப்பா கடற்கரைப் பக்கத்துக்குப் பூ கொண்டு போகவில்லை, அங்கிருந்தும் யாரும் கேட்டு வரவில்லை. அன்று வாயால் பரவியது, இன்று விரலால் பரவும். பள்ளி விஷயத்தில் மனக்குறை இருந்தால் குழுவில் போடுவதற்கு முன் எனக்குப் போன் செய்யுங்கள், இல்லாவிட்டால் நேரில் வாருங்கள். நாலு மணிக்கு மேல் நான் அறையில்தான் இருப்பேன்.

சீட்டை 19-ஆம் தேதிக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். விழாவுக்கு வராத பிள்ளைகளுக்கு நூலகம் திறந்திருக்கும், வருகைப் பதிவில் எந்த வித்தியாசமும் இருக்காது. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொடுத்தனுப்புபவர்கள் பாத்திரத்தில் பெயர் எழுதி அனுப்புங்கள். போன வருடத்துத் தூக்குவாளிகள் மூன்று இன்னும் என் மேசைக்கு அடியில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்