பொங்கல்படி

அன்புள்ள மீனாவுக்கு,

ஏட்டி, ஆடியில் நீ போட்ட கடிதத்துக்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன், நன்றாகத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலிதான் தீரவில்லை. கீழத்தெரு ஆச்சி போன மாதம் தவறிவிட்டாள். கடைசிவரை நீ வாங்கிப்போன குடையைப் பற்றிக் கேட்டாளாம். திருப்பிக் கொடுத்தாயா இல்லையா, இப்போதாவது உண்மையைச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. எல்லாம் மதினியின் அரவை மிஷினால் வந்தது.

மதினி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பீடி சுற்றியவள் என்று உனக்குத் தெரியும். கழுத்திலும் காதிலும் போட்டுக்கொண்டு வந்ததெல்லாம் மடியில் சுளகை வைத்து அவளே சுற்றிச் சேர்த்தது. ஆலங்குளம், முக்கூடல் பக்கமெல்லாம் பெண்கள் பீடி சுற்ற யாரும் தடை சொல்வதில்லை. வாசல்படியைத் தாண்டாமல் செய்கிற வேலை, அதனால்தான். பத்தமடையில் பாய் நெய்கிற பெண்களும் அப்படித்தானே, வீட்டுக்குள்ளேயே தறி. தோள்வலி தாங்காமல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பீடியை விட்டுவிட்டு மல்லிப்பொடி, வத்தல்பொடி, சாம்பார்ப்பொடி என்று ஆரம்பித்தாள். இப்போது பாவூர்சத்திரம் வரைக்கும் கடைகளில் கேட்கிறார்கள். சொந்த மிஷினும் வறுக்கிற இயந்திரமும் வாங்க 6 லட்சம் வேண்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஒரே காலையில், காசில்லாமல் முடிந்தது. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷம் 100 ரூபாய், அதுவும் ஆயிற்று. வங்கியில்தான், "வீட்டுக்காரரைக் கூட்டி வாங்கம்மா, வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மகளிர் குழுவுக்குப் 11 வருஷமாகக் கணக்கு எழுதுகிறவள், ஒரு தவணை தவறவிட்டதில்லை. குழுவாகப் போனால் அவள் பேச்சை நம்பிக் கொடுக்கிற வங்கி, தனியாகப் போனால் புருஷன் எங்கே என்கிறது.

நடப்பில் அவள் ஒருத்தியாகப் போய் யார் கையெழுத்தும் இல்லாமல் வாங்கக்கூடியது நகைக்கடன் ஒன்றுதான். அந்த நகையோ அண்ணன் லோடு ஆட்டோ வாங்கியபோதே அடகுக்குப் போய்விட்டது, இன்னும் வரவில்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை, உனக்கே தெரியும். கையெழுத்துப் போடுகிறேன் என்றான். ஆனால் தொழில் தன் பேரில் இருக்கட்டுமாம், இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும் என்கிறான். மும்முனை மின்சாரம் வாங்குவதற்கும் அவன்தான் கையெழுத்துப் போட வேண்டும், வீடு அவன் பேரில் அல்லவா இருக்கிறது. மதினி ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்துபோய் மல்லி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை மீனா. அந்த வீடு எப்படி அவன் பேருக்குப் போனது? நானும் அம்மாவும் 2007-ல் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து ஆளுக்கொரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதால்தான். அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே எனக்கும் அம்மாவுக்கும் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமை நம் மாநிலத்தில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் வந்தாயிற்று. சட்டம் தெரியாமல் போட்ட கையெழுத்து இல்லை அது. பங்கு கேட்டால் பொறந்த வீட்டு வாசல் அடைத்துவிடும், தை பிறந்தால் அண்ணன் பொங்கல்படி கொண்டுவர மாட்டான் என்ற பயம். கரும்பு, மஞ்சள்குலை, பச்சரிசி, ஒரு சேலை. இதற்காக மூன்றில் ஒரு பங்கு வீட்டை விட்டுக்கொடுத்தேன். மதினியும் அவள் அண்ணன்மாருக்கு இதையேதான் செய்திருக்கிறாள். அவள் பங்கு நிலம் கையில் இருந்திருந்தால் இன்றைக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தர்மபுரியில் தொடங்கியதும் அதே 1989-ல்தான். குழு ஊர் ஊராக வந்துவிட்டது. பங்கு மட்டும் எந்தத் தெருவுக்கும் வந்து சேரவில்லை. ஆயிரம் ரூபாய் சேமிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும், தங்கச்சி, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதே என்று ஒரு கூட்டத்திலும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால் அண்ணனிடம் நேராகவே சொன்னேன். நான் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டேன், நீ பின்கட்டையும் அதை ஒட்டிய 2 சென்டையும் மதினிக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடு என்று. முகம் கறுத்துப்போய் எழுந்து போனவன்தான், இன்றுவரை போன்கூட இல்லை. அம்மா என் பக்கமும் பேசவில்லை, அவன் பக்கமும் பேசவில்லை. நேற்று மட்டும், "நானும்தாம்ளா அன்னைக்குப் போட்டேன்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. சிறுதொழிலுக்கு 6 லட்சம் மாதிரிச் சின்னக் கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது என்று நீதானே போனில் சொன்னாய். அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்து, எந்த வரி என்று கோடு போட்டு அனுப்பு. செவ்வாய்க்கிழமை மதினியும் நானும் மறுபடி போகிறோம். அவள் கணக்கு நோட்டு இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறாள். இந்தத் தடவை மேனேஜருக்கு எதிரில் அவள்தான் பேசுவாள், நான் பக்கத்தில் உட்கார மட்டும் செய்வேன்.

தைக்கு நீ ஊருக்கு வருவாய்தானே? அண்ணன் படி கொண்டுவருகிறானோ இல்லையோ, நீ வா.

உன்
பார்வதி