பாதிப் பாட்டைக் கொடுத்துவிடு

அன்பு மகளே,

உன் பாட்டு இரண்டாம் சரணத்தில் நின்றுபோய் மாதக்கணக்காகிறது என்று அக்கா சொன்னாள். உன்னோடு கிடார் வாசிக்கும் தோழி ஒரு வரி சொன்னாளாம். வரி நன்றாகத்தான் இருந்ததாம். ஆனால் அதைச் சேர்த்துக்கொண்டால் பாட்டு உன்னுடையதாக இருக்காது என்று மறுத்துவிட்டாயாம். இதைப் போனில் பேசினால் நீயும் நானும் சண்டைதான் போடுவோம். அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலப் பாட்டு எழுதுகிற வேறு பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

அமெரிக்க ராக் இசைக்குழுவான ஈகிள்ஸின் ‘டேக் இட் ஈஸி’ உனக்குத் தெரியும். சின்ன வயதில் என் காரில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். அந்தப் பாட்டும் இரண்டாம் சரணத்தில்தான் நின்றுபோயிருந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில் எக்கோ பார்க் என்றொரு பகுதி. 1970களின் தொடக்கத்தில் அங்கே வாடகை மலிவு. ஒரு வீட்டின் மேல்பகுதியில் பின்னாளில் ஈகிள்ஸில் பாடிய கிளென் ஃபிரையும் அவருடைய நண்பர் ஜே. டி. சவுதரும் குடியிருந்தார்கள். இருவரும் ‘லாங்பிராஞ்ச் பென்னிவிசில்’ என்ற பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டு, அது விலைபோகாமல், அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்தார்கள். அவர்களுக்கு நேர் கீழே ஒரு சிற்றறையில் ஜாக்சன் பிரவுன். பிரவுனும் ஃபிரையும் 1948இல் பிறந்தவர்கள், ஒரே வயது. ஆனால் எழுத்தில் பிரவுன் வெகு தூரம் முன்னே இருந்தார். பதினாறு வயதில் அவர் எழுதிய ‘தீஸ் டேஸ்’ பாட்டை 1967இலேயே நிக்கோ என்ற பாடகி பாடிப் பதிவு செய்துவிட்டார்.

ஃபிரை பிற்காலத்தில் ஓர் ஆவணப்படத்தில் சொன்ன செய்தி ஒன்று உண்டு. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. காலையில் கீழே கெட்டில் விசிலடிக்கும். பிரவுன் தேநீர் போடுகிறார் என்று அர்த்தம். பிறகு பியானோ தொடங்கும். ஒரு சரணம், ஒரு பல்லவி. மறுபடியும் அதே சரணம், அதே பல்லவி. இருபது முறையாவது வாசிப்பார், தான் நினைத்தபடி அமையும் வரை. பிறகு அமைதி. மறுபடி கெட்டில். அதன் பிறகுதான் இரண்டாம் சரணம், அதுவும் இருபது முறை. மேலே படுத்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஃபிரைக்கு, பாட்டு என்பது எங்கிருந்தோ வந்து இறங்குவதில்லை, உழைத்தும் பொறுத்தும்தான் வருகிறது என்று அப்போதுதான் புரிந்ததாம். சம்பளம் வாங்காத வாத்தியார் கீழ்வீட்டில் குடியிருந்திருக்கிறார்!

அப்படிப்பட்ட உழைப்பாளிக்கே ஒரு பாட்டு மட்டும் நகரவில்லை. முதல் ஆல்பத்துக்காக எழுதத் தொடங்கியது. முதல் சரணம் முழுதாக இருந்தது. ஒருவன் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறான், அவன் நினைப்பில் ஏழு பெண்கள். அவர்களில் சிலர் அவனைச் சொந்தமாக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள், சிலர் கல்லெறியப் பார்க்கிறார்கள். இரண்டாம் சரணத்தில் அவனை அரிசோனா மாநிலத்தின் வின்ஸ்லோ ஊரில் ஒரு தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார் பிரவுன். அங்கே அவன் நின்றான், பாட்டும் நின்றது.

ஃபிரை அந்தப் பாட்டைக் கேட்டதும் பிடித்துக்கொண்டார். என்ன ஆயிற்று, முடித்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானே முடித்துத் தருகிறேன் என்றும் சொன்னார். பிரவுன் முதலில் இசையவில்லை. அவருக்கும் உன்னைப் போலத்தான் இருந்திருக்கும். கடைசியில், சரி, நீயே முடி என்று கொடுத்துவிட்டார். ஃபிரை எழுதியது என்ன? ஃபோர்டு டிரக் ஓட்டிவரும் ஒரு பெண் வேகத்தைக் குறைத்து அவனை ஏறிட்டுப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

அந்தச் சின்ன வரி செய்த வேலையைக் கவனி. அதுவரை பாட்டில் அவன் ஒருவன்தான் இருக்கிறான். தன் தலைக்குள்ளேயே சுற்றுகிறான். பெண்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. திடீரென்று உண்மையான ஒருத்தி வெளியிலிருந்து வந்து அவனைப் பார்க்கிறாள். பாட்டின் சன்னல் அங்கேதான் திறக்கிறது. இன்னொன்று, ‘லார்ட்’, ‘ஃபோர்டு’ என்று வரிக்குள்ளேயே ஓர் இயைபு ஓடுகிறது. நாக்கு அதை விரும்பிச் சொல்கிறது. பிரவுன் யோசிக்கிற ஆள், அவருடைய வரிகள் உள்நோக்கித் திரும்பும். ஃபிரை டெட்ராய்ட்டுக்காரர், கார்கள் பிறக்கிற ஊர். தெருமுனையில் நிற்பவன் முன்னால் அவர் ஒரு ஃபோர்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதில் எனக்கு வியப்பே இல்லை. இந்த வரி பிரவுனுக்கு வந்திருக்கவே வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். எழுத்தில் பிரவுன்தான் பெரியவர் என்றும் நம்புகிறேன். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும், மகளே.

பிரவுனே பின்னாளில் இதை மனம் திறந்து சொல்லியிருக்கிறார். ஃபிரை பாட்டை அருமையாக முடித்தார், இசையமைப்பும் தான் எழுதி வைத்திருந்ததைவிட எவ்வளவோ மேலானது என்று.

ஃபிரை அந்தப் பாட்டோடு போய்ச் சேர்ந்த இடம் நமக்குத் தெரியும். 1971இல் பாடகி லிண்டா ரான்ஸ்டட்டுக்குப் பின்னணி வாசித்தபோது ஃபிரையோடு டான் ஹென்லி, பெர்னி லெடன், ராண்டி மைஸ்னர் சேர்ந்தார்கள். அந்த நால்வரும்தான் ஈகிள்ஸ். லெடன் ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸில் இருந்தவர், மைஸ்னர் போகோவில். நாட்டுப்புறக் கன்ட்ரி இசையை ராக்கோடு கலக்கும் வித்தை அந்த இரண்டு குழுக்களிலும் ஏற்கெனவே பழகியிருந்தது. 1972 தொடக்கத்தில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவு, தயாரிப்பாளர் கிளின் ஜான்ஸ். ரோலிங் ஸ்டோன்ஸோடும் லெட் செப்பலினோடும் வேலை பார்த்தவர். பாட்டின் பின்பகுதியில் லெடன் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தை இரட்டை வேகத்தில் வாசிக்கட்டும் என்று சொன்னது அவர்தான். ராக் பாட்டில் பாஞ்சோவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் தாளம் சாவகாசமாக நடக்க, அதன் அடியில் பாஞ்சோ மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கவலைப்படாதே என்று பாடுகிறவனின் நெஞ்சுத்துடிப்பு அது என்றுதான் எனக்குப் படும். ஆக மூன்றாவதாக ஒருவரின் கையும் பாட்டுக்குள் வந்துவிட்டது.

1972 மே மாதம் வெளியான அந்தச் சிங்கிள்தான் ஈகிள்ஸின் முதல் வெளியீடு. அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 12ஆம் இடம் வரை போனது. குழுவின் முதல் ஆல்பத்தில் முதல் பாட்டு. 1971 முதல் 1975 வரையிலான வெற்றிப் பாடல்களின் தொகுப்பிலும் அதுதான் முதல். அந்தத் தொகுப்பு 2018க்குள் அமெரிக்காவில் விற்பனைக்கான பிளாட்டினம் சான்றிதழை 38 முறை பெற்றிருந்தது.

பாட்டைக் கொடுத்ததால் பிரவுன் ஏழையாகிவிட்டாரா? 1972 ஜனவரியில் அவருடைய முதல் ஆல்பம் இந்தப் பாட்டு இல்லாமலே வந்தது. அதிலிருந்த ‘டாக்டர் மை ஐஸ்’ பில்போர்டில் 8ஆம் இடம் பிடித்தது. ஈகிள்ஸின் 12ஐவிட மேலே! பிறகு 1973இல் தன் இரண்டாவது ஆல்பமான ‘ஃபார் எவ்ரிமேன்’ இசைத்தட்டின் தொடக்கத்திலேயே ‘டேக் இட் ஈஸி’யைத் தானும் பாடினார், ஃபிரையின் வரியோடு. எழுதியவர்கள் என்று இரண்டு பெயர்களும் இன்றுவரை அதில் இருக்கின்றன. நண்பனின் வரியை நீக்கிவிட்டுத் தனக்கென்று ஒன்று எழுதிக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் நீ கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வின்ஸ்லோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாக்ஸ்டாஃபுக்குக் கிழக்கே சுமார் 90 கி.மீ. தொலைவில் உள்ள ரயில்வே ஊர். ரூட் 66 நெடுஞ்சாலை அதன் நடுவே போனதால் பிழைத்தது. புதிய நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே திரும்பியதும் கடைகள் ஒவ்வொன்றாக மூடின. 1999இல் ஊர்க்காரர்கள் ஒரு தெருமுனையில் சிறு பூங்கா அமைத்தார்கள். கிடாரோடு நிற்கும் இளைஞன் சிலை. பின்னால் சுவரில் ஓவியம், ஜான் பியூ வரைந்தது. கடைக் கண்ணாடியில் ஃபோர்டு வண்டியும் பெண்ணும் தெரிவதுபோல. 2004இல் பின்னாலிருந்த கட்டடம் தீப்பிடித்து எரிந்தபோதும் ஓவியச் சுவரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஃபிரை 2016 ஜனவரியில் இறந்த பிறகு அதே ஆண்டில் அவருக்கும் அங்கே ஒரு சிலை வைத்தார்கள். இன்று உலகெங்குமிருந்து வருகிறவர்கள் அந்த முனையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சரணத்தின் முதல் பாதி ஊரின் பெயரைத் தந்தது. இரண்டாம் பாதி, அங்கே பார்ப்பதற்கு ஏதோ நடக்கும் என்ற நம்பிக்கையைத் தந்தது. முதல் பாதி மட்டும் இருந்தால் யார் போவார்கள்?

ஃபிரை இறந்த அடுத்த மாதம் கிராமி விழா மேடையில் மீதமிருந்த ஈகிள்ஸ் இந்தப் பாட்டைப் பாடினார்கள். முன்னால் நின்று பாடியவர் ஜாக்சன் பிரவுன். அவர் அந்தக் குழுவின் உறுப்பினராக ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அந்த இடத்தில் நிற்க வேறு யாருக்கும் அதைவிட உரிமை இல்லை. கொடுத்ததால் வந்த உரிமை அது.

உன் தோழியின் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள் என்று சொல்லவில்லை. இருவரும் உட்கார்ந்து இருபது முறை பாடிப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை செய். 1973 பதிவை முதலில் கேள். பிரவுன் பாடும்போது தெருமுனையில் நிற்பவன் கொஞ்சம் களைத்தவனாகத் தெரிவான். பாட்டு முடியும் இடம் தெரியாமல் அடுத்த பாட்டான ‘அவர் லேடி ஆஃப் தி வெல்’லுக்குள் நழுவிவிடும். அதன் பிறகு 1972 பதிவைக் கேள். போனில் வேண்டாம், பாஞ்சோ அமுங்கிவிடும். அப்பாவின் பழைய ஸ்பீக்கரை எடுத்து வை. இடதுபக்க ஒயர் தளர்ந்திருக்கும், அதை இறுக்கிவிட்டுப் போடு.

அன்புடன்,
உன் சித்தி