மூணு ஓஸும் மாத்தாம திம்பம் இறங்காதே

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். ஒரு உழவுக்கு மழை பெஞ்சுது.

நீ நம்ம கடைப் பையனுக்கு அனுப்புன போட்டோவை அவன் எனக்குக் காட்டுனான். முன் சக்கரத்துப் பிரேக் ஓஸ், அதான் ஆயில் போற ரப்பர் குழாய், மடியற இடத்துல வெடிப்பு விட்டிருக்குது. இதுக்கு எது பொருந்தும்னு அவன்கிட்டக் கேட்டிருக்கறே. அவன் போன ஆடிக்குச் சேர்ந்தவன். டிராக்டர் ஓஸையும் அம்பாசிடர் ஓஸையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. யாரைக் கேட்கோணும்னு உனக்குத் தெரியாதா? சரி, அதை விடு.

பண்ணாரியம்மன் குண்டம் திருவிழாவுக்கு வர்றேன்னு சொன்னியாமா. வா, ஆனா அந்த ஓஸோட திம்பம் மலை இறங்காதே. 27 கொண்டை ஊசி வளைவு, கீழே வர்ற வரைக்கும் காலைப் பிரேக்குலயே வெச்சிருக்கோணும். உன் அப்பிச்சி, எங்கப்பா வண்டி அம்பாசிடர் மார்க் 2. பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் அதுல ஒத்த சர்க்யூட், ஒரே தடம். இப்ப வர்ற வண்டியில ரெண்டு தடமாப் பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும். உன் வண்டியில முன்னாடி ரெண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒண்ணு, ஆக மூணு ஓஸ். எது பிச்சுக்கிட்டாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. அப்பறம் ஹேண்ட் பிரேக்கையும் கியரையும் நம்பித்தான் இறங்கோணும்.

வெடிச்ச ஒண்ணை மட்டும் மாத்தலாம்னு நினைக்காதே. மூணும் ஒரே வயசு. வெளியே பளபளன்னு இருக்கற ஓஸ்தான் எச்சா ஏமாத்தும். உள் ரப்பர் ஊறி உரிஞ்சு, கிணத்து மோட்டார் ஃபுட் வால்வு மாதிரி ஒரு பக்கம் மட்டும் விடும். மிதிக்கறப்ப ஆயில் போயிரும், காலை எடுத்தாத் திரும்பி வராது. பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கிட்டே இருக்கும். டிரம் சூடேறிக் காஞ்சு, ஆயில் கொதிச்சு, பெடல் தரையில போய் உட்காரும்.

சோதிக்கறது சுலபம். ஜாக்கி போட்டு, பிரேக்கை மிதிச்சு விட்டுட்டுச் சக்கரத்தைச் சுத்திப் பாரு. இறுகி நின்னா, முதல்ல ஓஸுக்கு மேல இருக்கற இரும்புப் பைப்போட நட்டை லூஸ் பண்ணு. சக்கரம் லேசாச்சுன்னா கோளாறு மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அதுக்கு மசியாம, சக்கரத்துக்கிட்ட இருக்கற ஏர் எடுக்கற நிப்பிளைத் திறந்தாத்தான் லேசாகுதுன்னா ஓஸ் அடைச்சிருக்குது.

இந்த வண்டிக்கு நீயே டிரம் கழட்டி ஷூ மாட்டுனேன்னு கேள்விப்பட்டேன். அப்பிச்சி இருந்திருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பாரு. நானும் சொல்லலாம், ஆனா எனக்கே அடுத்தவங்க வாயிலதானே சேதி வருது.

இனி எப்படி வாங்கறதுன்னு சொல்றேன். "அம்பாசிடர் ஓஸ்"னு பேரைச் சொல்லி வாங்காதே. பழசைக் கழட்டி மரையை அளந்து வாங்கு. அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில வந்தது, அதனால இஞ்சு மரை. பத்மினி ஃபியட் வழி, அதனால மில்லிமீட்டர் மரை. இரும்புப் பைப் நட்டு மூணு நூல், அதாவது 3/8 இஞ்சு, இஞ்சுக்கு 24 மரை. மில்லிமீட்டர்ல இதுக்குக் கிட்ட வர்றது 10-க்கு 1, அதாவது 10 மில்லி விட்டம், மரைக்கு மரை 1 மில்லி. மூணு நூல்ங்கறது 9.5 மில்லிமீட்டர், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். மூணு நூல் நட்டை 10 மில்லி ஓஸ்ல போட்டீன்னா ரெண்டு மூணு சுத்து லேசாப் போயி இறுகும். டைட் ஆயிருச்சுன்னு நினைப்பே, ஆனா மரை அறுந்துக்கிட்டு இருக்கும். வண்டி கை மாறினப்ப யாராச்சும் எதையாச்சும் மாத்தியும் இருக்கலாம். அதனால வெர்னியரும் மரை கேஜும் வெச்சுப் பார்த்துட்டே முடிவு பண்ணு.

ஓஸுக்குள்ளே பைப் உட்கார்ற இடத்தையும் டார்ச் அடிச்சுப் பாரு. பைப் நுனி புனல் மாதிரி உள்வாங்கி இருந்தா, ஓஸ் உள்ளே மேடு இருக்கோணும். நுனி உருண்டு வெளியே துருத்தியிருந்தா, உள்ளே பள்ளம் இருக்கோணும். மாறிப் போச்சுன்னா எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

மைசூர்ல கிடைக்கலேன்னு திருச்செங்கோட்டுச் சிநேகிதன்கிட்டச் சொல்லி, போர் போடற ரிக் வண்டிக்கு ஓஸ் அடிக்கற கடையில ஒண்ணு அடிச்சு வாங்கிராதே. இதை ரெண்டு தடவை படி. அளவு சரியா இருக்கும், பிரேக்குல வர்ற பிரஷரைத் தாங்கவும் தாங்கும். வெசனம் பிரஷரைப் பத்தியில்ல. அந்த ஓஸோட உள் ரப்பர் பெரும்பாலும் நைட்ரைல், ஹைட்ராலிக் ஆயிலுக்குன்னு பண்ணது. பிரேக் ஆயில் கிளைக்கால்ங்கற ரசாயன வகை, அதுல நைட்ரைல் ஊறிக் கெட்டுப் போகும். பிரேக் ஓஸுக்கு இ.பி.டி.எம். ரப்பர். அதுக்கு நேர்மாறா டீசல், பெட்ரோல், கிரீஸ் ஆகாது. கழுவறதா இருந்தா புது பிரேக் ஆயில்லயோ ஸ்பிரிட்லயோ கழுவு. டீசல் துணியில தொடைக்காதே.

ஒரிஜினல் கம்பெனி டப்பான்னு யாராச்சும் நீட்டுனா மயங்காதே. அம்பாசிடர் 2014-லயே நின்னு போச்சு. டப்பாவுக்குள்ளயும் ரப்பருக்கு வயசாகும். ஓஸ் மேல தயாரிப்புத் தேதியும் கம்பெனி முத்திரையும் இந்தியத் தர எண் ஐ.எஸ். 7079-ம் இருக்குதான்னு பாரு. வெளிநாட்டுச் சரக்குன்னா டாட்னு (DOT, அமெரிக்க முத்திரை) போட்டு, உள் துவார அளவும் எச்.ஆர். இல்லைன்னா எச்.எல்.னும் இருக்கும். எச்.எல். மிதிக்கறப்பக் குறைவா உப்பறது. எழுத்தே இல்லாத ஓஸ் சல்லிசாக் கிடைச்சாலும் வேண்டாம்.

ஸ்டீல் பின்னல் போட்ட ஓஸ் அழகாத்தான் இருக்கும். டிரம் பிரேக்குல அதனால பெரிசா லாபம் ஒண்ணும் இல்ல. உறை இல்லாத பின்னல் தொட்டதையெல்லாம் அரம் போட்டாப்பல அறுக்கும், உள்ளே கெட்டாலும் வெளியே காட்டாது. எனக்கு ரப்பர்தான் சரின்னு படுது.

மாட்டறப்ப முதல்ல சக்கரத்துப் பக்கம், புது காப்பர் வாசர் போட்டு முறுக்கு. அப்பறம் பிராக்கெட்ல நுழைச்சு, ஓஸோட தலையை ஒரு ஸ்பேனர்ல அசையாமப் பிடிச்சுக்கிட்டு லாக் நட்டை இறுக்கு. இரும்புப் பைப் கடைசியா. கழட்டறப்ப இதுக்குத் தலைகீழ். ஓஸ் மேல கோடு இருந்தா நேரா ஓடோணும், சுத்திக்கிட்டுப் போனா ஓஸ் முறுக்கிக்கிட்டிருக்குதுன்னு அர்த்தம். ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாரு. சக்கரம் தொங்கறப்பவும் பாரு, தரையில நிக்கறப்பவும் பாரு. டயரையும், ஸ்பிரிங்குக்குப் பதிலா இருக்கற டார்ஷன் பார் கம்பியையும் ஓஸ் தொடக் கூடாது. நீளமா இருந்தா நல்லதுன்னு இல்ல, நீண்டது உரசும், குட்டையானது ஜாக்கி போட்டதும் இழுத்துக்கும்.

பிரேக் ஆயில் டாட் 4 ரகம், சீல் பிரிக்காத டப்பா. புதுசுல 230 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கும், ஈரம் இழுத்துருச்சுன்னா 155-தான். டாட் 5 சிலிக்கான், கலக்காதே. ஏர் எடுக்கறப்பப் பின் இடது சக்கரத்துல ஆரம்பி, மாஸ்டர் சிலிண்டருக்கு அதுதான் தூரம். பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க வேண்டாம், சிலிண்டருக்குள்ளே பிஸ்டன் வழக்கமாப் போகாத இடம் துருப்பிடிச்சிருக்கும், உள்ள இருக்கற ரப்பர் வாசர் கிழிஞ்சுரும்.

அப்பிச்சி காரியத்தன்னைக்கு மாமன் பேசினதை இன்னும் மனசுல வெச்சிருக்கறியா? வண்டி உனக்குன்னு அப்பிச்சி சொன்னது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதுக்கு மேல நான் எழுதலே.

திம்பத்துல ராத்திரி வண்டி விடறதில்ல. விடியக் கிளம்பி, ஆசனூர்ல நிறுத்தி நாலு டிரம்மையும் கிட்டக் கை வெச்சுப் பாரு. ஒண்ணு மட்டும் காஞ்சிருந்தா அங்கயே நின்னுக்கோ, நான் ஆள் அனுப்பறேன். ரெண்டாவது கியர்ல இறங்கு. மூணு ஓஸும் மாத்தாம இறங்காதே.

பழசு மூணோட நீளமும் மரையும் அளந்து எழுது, ஓஸும் வாசரும் பஸ்ல போட்டு விடறேன். பின் ஓஸுக்கு இன்னொரு கணக்கும் வேணும். பின் சீட்டுல ஆள் உட்கார்ந்தா பாடி இறங்கும், ஓஸ் தொங்கி சைலன்ஸர் பைப்பைத் தொடலாம். அந்த பாரத்தை வெச்சுத்தான் நீளம் பார்க்கோணும். அதனால நீ தனியா வர்றியா, கூட யாராச்சும் வர்றாங்களான்னு எழுது.

அம்மா