இருபத்தைந்தாம் தேதிக்குள் எல்லாம் முடிய வேண்டியதில்லை

அன்பு மகனுக்கு,

நவம்பர் கடைசி வந்தாலே உன் குரலில் அவசரம் ஏறிவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு தட்டும் சத்தம் கேட்கிறது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த டிசம்பரில் நீ கொஞ்சம் நின்று மூச்சு விட என்ன வழி என்று யோசித்து எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகும்.

முதலில் காலண்டரைப் பார். நாம் எல்லோரும் கிறிஸ்துமஸ் நாளான டிசம்பர் 25-ஐக் கடைசி நாளாக வைத்தே கணக்குப் போடுகிறோம். திருச்சபையின் கணக்கு வேறு. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும் ஞாயிறன்று திருவருகைக்காலம் தொடங்கும். நான்கு ஞாயிறுகள், வருஷத்தைப் பொறுத்து 22 முதல் 28 நாள். அது கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் காலம். கொண்டாட்டமே 25-ல்தான் ஆரம்பம். அது ஜனவரி 5 வரை 12 நாள் நீளும், மறுநாள், ஞானிகள் குழந்தை இயேசுவைக் காண வந்ததை நினைக்கும் திருக்காட்சிப் பெருவிழா. அந்தப் 12 நாளில் நிதானமாக நடக்க வேண்டிய விருந்தையும் சந்திப்பையும் முந்தைய நான்கு வாரத்துக்குள் திணித்துவிட்டு, 26-ஆம் தேதி காலையில் எல்லாம் முடிந்ததுபோலக் களைத்துக் கிடக்கிறோம். உன் மூச்சுமுட்டலுக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

அதனால் ஒரு தாளை எடுத்து, மனதில் ஓடுகிற வேலைகள் அத்தனையையும் எழுது. சின்னது பெரியது பார்க்காதே. பிறகு உன் மனைவியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்: இது 25-க்கு முன்னால் நடந்தே ஆக வேண்டுமா? ஆக வேண்டாதவற்றை 27, 28, ஜனவரி முதல் வாரம் என்று தேதி போட்டே தள்ளு. "பிறகு பார்க்கலாம்" என்று விட்டால் மறுபடி டிசம்பருக்குள்ளேயே நுழைந்துவிடும். யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால், "24-ல் முடியாது, 29-ல் வரட்டுமா?" என்று கேள். பெரும்பாலும் அவர்களுக்கும் அது ஆறுதலாகத்தான் இருக்கும். யாரும் எதிர்பார்க்காத, பழக்கத்துக்காக மட்டும் செய்கிற வேலை இரண்டு மூன்றாவது அந்தத் தாளில் இருக்கும். அவற்றை அடித்துவிடு.

மிச்சமுள்ள வேலைகளுக்கு நேரம் போடும்போது ஒன்றை நினைவில் வை. மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எழுதி முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். "ரொம்ப மோசமானால்கூட இவ்வளவுதான்" என்று போட்ட கணக்கே பத்தவில்லை. அதனால் உன் மனக்கணக்கை நம்பாதே. போன வருஷம் அதே வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து, அதைப் போடு. இரண்டு வேலைக்கு நடுவில் அரை மணி நேரம் காலியாகவே இருக்கட்டும். டிசம்பர் 18-க்குப் பிறகு தாளில் புதிதாக ஒரு வரியும் ஏறக்கூடாது.

பரிசுகளை வாங்கிய அன்றே சுற்றிப் பெயர் எழுதி வைத்துவிடு. காகிதம், டேப், கத்தரிக்கோல், பேனா எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். 24 ராத்திரி பல வீடுகளில் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பரிசு சுற்றுவதிலேயே பொழுது போய்விடுகிறது. பிள்ளைகள் வெளியே காத்துக் கிடப்பார்கள்.

அலுவலக விஷயம். உடம்பு வீட்டுக்கு வந்தாலும் மனசு பின்தங்கி நிற்பதற்குக் காரணம் உண்டு. முடிக்காத வேலை ஒன்றை விட்டுவிட்டு எழுந்தால், கவனத்தில் ஒரு பகுதி அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வேலையை முடித்தால்தான் அது விடும் என்றில்லை. எப்போது, எங்கிருந்து, எப்படித் தொடரப் போகிறோம் என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்தத் தொந்தரவு வெகுவாகக் குறைவதை 2011-ல் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே கிளம்பும் முன் பத்து நிமிஷம் ஒதுக்கி, எங்கே நிறுத்தினாய், நாளைக்கு முதல் காரியம் என்ன என்று எழுதிவிட்டு எழுந்திரு. "ரிப்போர்ட்" என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. "காலை 9.30-க்கு மூன்றாம் பக்க அட்டவணையைச் சரிபார்க்க வேண்டும்" என்கிற அளவுக்கு இருக்கட்டும். வீட்டு வாசலில் கதவைத் திறக்கும் முன் பத்து மூச்சு விடு. இழுக்கும்போது நான்கு எண்ணு, விடும்போது ஆறு. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மெதுவாகும், அதனால்தான் விடுவதை நீட்டச் சொல்கிறேன். இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

போனைக் கவிழ்த்து வைத்தால் போதாதுப்பா, கை தானாக அங்கே போகும். வேறு அறையில் வை. அவசரத்துக்குத் தேவையான நான்கைந்து பேரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி செட்டிங்கில் மாற்றலாம். வாழ்த்துச் செய்திகளுக்கு 25 மாலை அரை மணி நேரம் ஒதுக்கு. விட்டுப்போனவர்களுக்கு ஜனவரி 6 வரை பதில் அனுப்பலாம், அது தாமதமே இல்லை. போட்டோ எடுப்பதை முதல் ஐந்து நிமிஷத்தோடு முடித்துவிடு, அல்லது ஒருவரிடம் அந்தப் பொறுப்பை விடு. அருங்காட்சியகம் ஒன்றில் உளவியலாளர் லிண்டா ஹென்கல் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வில், படம் பிடித்த பொருள்களைவிட வெறுமனே நின்று பார்த்த பொருள்களே பார்வையாளர்களுக்கு நன்றாக நினைவில் நின்றன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு விட்டுவிடுகிறது.

பிள்ளைகளுக்காக ஒன்றே ஒன்று செய்தால் போதும், திருவருகைக்கால வளையம். ஹாம்பர்க்கில் ஏழைச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் விக்கர்ன் 1839-ல் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுவர்த்திகளை வைத்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் நச்சரித்ததற்கு அவர் தந்த பதில் அது. இந்தக் காலத்து வளையத்துக்கு நான்கு மெழுகுவர்த்தி போதும், வாரத்துக்கு ஒன்று கூடுதலாக எரியும். சாப்பாட்டுக்கு முன் ஏற்று. சாப்பிட்ட பின் என்றால் சின்னவள் தூங்கிவிடுவாள். பத்து நிமிஷம்தான், ஒரு ஜெபம், பிள்ளைகள் அன்றைக்கு நடந்ததைச் சொல்வார்கள், அவ்வளவுதான். முதல் வாரத்தில் பாட்டு, வாசிப்பு, விளையாட்டு என்று பெரிதாக்கினால் இரண்டாம் வாரத்தில் நின்றுவிடும். முதல் மெழுகுவர்த்தி நான்கு வாரமும் எரிய வேண்டும் என்பதால் சற்றுத் தடிமனாக வாங்கு. பச்சை இலை சுற்றினால் அது காய்ந்து தீப்பிடிக்கக்கூடும், வாரம் ஒருமுறை மாற்று. எரியும்போது அறையை விட்டுப் போகாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைத்தால் அடக்கி வைத்த துக்கமும் மேலே வரும். பலர் டிசம்பரில் இப்படி ஓடுவதே அதற்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன். இந்த வருஷம் யாரையாவது இழந்த நண்பன் உன் வீட்டுக்கு வந்தால் பேச்சை மாற்றாதே. போனவர் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி நீயே கேள். அவன் அழுதால் அழட்டும், பக்கத்தில் இரு. எழுந்துபோய் அடுப்பைப் பார்க்காதே.

25 காலையில் என்னைக் கூப்பிட அவசரப்பட வேண்டாம். கோயிலுக்குப் போய்விட்டு வந்து பிள்ளைகளோடு இரு. 27 சாயங்காலம் கூப்பிடு, சின்னவளையும் பக்கத்தில் உட்கார வை. அன்றைக்கு எனக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
அம்மா