ஷேர் ஃபோல்டர் ஏன் திறக்கவில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய அச்சக வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "புது கம்ப்யூட்டர் வாங்கினோம், பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிற ஷேர் ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது" என்ற போன்தான் இப்போது எங்களுக்கு அதிகம் வருகிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றதும் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினீர்கள். டிசைன் அறையிலிருந்து, அச்சுத் தகடு தயாரிக்கும் பிளேட் மெஷினுக்கு ஃபைல் போவது அதோடு நின்றது. கேபிளை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. புது ஸ்விட்சே வாங்கியவர்களும் உண்டு. கோளாறு கேபிளிலும் இல்லை, ஸ்விட்சிலும் இல்லை.

சிவகாசியில் நடுத்தர அச்சகம் ஒன்றில் என்னென்ன இருக்கும்? டிசைனருக்கு மேக், பில் போட விண்டோஸ் 11, பிளேட் மெஷினின் மென்பொருளுக்காக விடாமல் வைத்திருக்கும் விண்டோஸ் 7, மூலையில் ஒரு செகண்ட்ஹேண்ட் ஜெராக்ஸ் மெஷின். "மேக்கும் விண்டோஸும் ஒத்துப்போகாது சார்" என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அது உண்மையில்லை. விண்டோஸ் ஃபைல் பகிர்வது எஸ்எம்பி என்ற முறையில். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸில் அதே வேலையைச் சாம்பா என்ற மென்பொருள் செய்கிறது. ஆப்பிளும் 2013-ல் வந்த மாவரிக்ஸ் என்ற மேக் பதிப்பிலிருந்து தன் பழைய ஏஎஃப்பி முறையைப் பின்னுக்குத் தள்ளி எஸ்எம்பி-க்கே முதலிடம் தந்துவிட்டது. எல்லாம் ஒரே பாஷைதான். தகராறு இரண்டு விஷயத்தில் வருகிறது: எஸ்எம்பி-யின் பழைய பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாத ஷேர்.

முதல் பதிப்பான எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகமெங்கும் பரவி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த ஆண்டு இறுதியிலிருந்து புதிதாகப் போடும் விண்டோஸ் 10-ல் எஸ்எம்பி 1 பகுதி பகுதியாக நீக்கப்பட்டது. 2024-ல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பு இன்னும் கறார்: யூசர் பெயர் இல்லாமல் 'கெஸ்ட்'டாக நுழைவதை புரோ எடிஷன் ஏற்காது, வந்துபோகும் தகவலுக்கு டிஜிட்டல் கையொப்பமும் கேட்கும். ஹோம் எடிஷனில் இந்தக் கண்டிப்பு இல்லை. "என் பையன் லேப்டாப்ல திறக்குதே, ஆபீஸ் மெஷின்ல மட்டும் ஏன் திறக்கல?" என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

யூடியூபைப் பார்த்து எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்வது, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கெஸ்ட் நுழைவைத் திறந்துவிடுவது இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். உடனே வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மெஷினில் வைரஸ் ஏறினால் பார்ட்டிகளின் மொத்த ஆர்ட்வொர்க்கும் போய்விடும்.

நாங்கள் செய்து தருவது இது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸும் சாம்பாவும் போட்டு, அதைச் சர்வராக்கி, எல்லா வேலை ஃபைலும் அதிலேயே இருக்கும்படி வைப்போம். ஆளுக்கொரு யூசர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2 தெரியும், பாஸ்வேர்டு கொடுத்தால் ஒழுங்காகப் பேசும். இன்டர்நெட் மட்டும் அதற்கு வேண்டாம். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த ஜெராக்ஸ் மெஷினாக இருந்தால், ஸ்கேனை எஃப்டிபி என்ற வேறொரு ஃபைல் அனுப்பும் முறை வழியாக சர்வருக்கு அனுப்பலாம். எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் யோசனை பிடிக்காது: நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிட்டு, அதற்கென்றே ஒரு பென்டிரைவ் ஒதுக்குங்கள்.

கரண்ட் போய் வந்ததும் ஷேர் காணாமல் போகிறதா? ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க் முகவரியைக் கொடுத்திருக்கும். ரவுட்டரிலேயே அந்த எண்ணை நிலையாக ஒதுக்கிவிட்டால், விண்டோஸில் \\192.168.1.50 என்பதுபோல் அடித்து நேராகப் போய்விடலாம்; நெட்வொர்க் ஐகானில் பெயர் தெரிகிறதா என்று தேட வேண்டியதில்லை. இன்னொன்று, விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே ஷேர் வைத்திருப்பவர்களுக்கு: அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் நான்கு இலக்க பின் எண் ஷேருக்குச் செல்லாது. பாஸ்வேர்டுதான் வேண்டும்.

ஃபைல் பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி இவற்றை மேக்கில் வைத்தால் விண்டோஸ் பக்கம் பெயர் கோணலாகும், சில சமயம் திறக்கவே திறக்காது. தமிழ்ப் பெயர்களில் வேறு வம்பு. 'கொ', 'கோ', 'கௌ' ஆகியவற்றின் உயிர்க்குறியை, கம்ப்யூட்டர் எழுத்து முறையான யூனிகோடில் ஒரே துண்டாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். பழைய மேக் டிஸ்குகள் இரண்டாகப் பிரித்தே வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸ் சர்வருக்கு வேறு வேறு. 'கோவில் காலண்டர்' என்று ஒரே பெயரில் இரண்டு ஃபைல் தெரிந்தால் பயப்படாதீர்கள். திருத்தியது எது என்று தேதி பார்த்துத் திறங்கள். வேலை எண்ணை முன்னால் போட்டுப் பெயர் வைப்பது எங்களுக்குப் பிடித்த வழி.

ஷேர் வேறு, பேக்கப் வேறு. தனி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, எடுத்ததும் கழற்றி வையுங்கள்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியிடுகிறவர்கள் அதற்கு முன்பே இந்த மாற்றத்தை முடித்துவிடுவது நல்லது; சீசன் தொடங்கிவிட்டால் ஒரு மணி நேரம்கூட உங்களால் மெஷினை நிறுத்த முடியாது. எங்களைக் கூப்பிடும் முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எத்தனை கம்ப்யூட்டர், எதில் என்ன சிஸ்டம், யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம், யார் அழிக்கலாம். கடைசிக் கேள்விக்கு முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சர்வீஸ் பிரிவு