செவலைக்காக ஓடியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்றுக் காலை சோற்று உருண்டைக்குள் ஒளித்துக் கொடுத்ததோடு எங்கள் நாய் செவலையின் பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் முடிந்தது. ஏழு மாதம் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லவே ஆசை. ஆனால் பேசத் தொடங்கினால் எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில், ரத்தம் கொடுத்த லாப்ரடாருக்கும் அவனை அழைத்து வந்த தம்பிக்கும். ஆடி மாதம் உண்ணிக் காய்ச்சல் வந்து, அது தணிவதற்குள் செவலையின் உடம்பே தன் சிவப்பணுக்களை அழிக்க ஆரம்பித்துவிட்டது. 37-க்கு மேல் இருக்கவேண்டிய பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 13-க்கு இறங்கியது. ஈறு சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்துப்போனது. வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் (1903-இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி, ஊர் வாயில் இன்றும் மாட்டாஸ்பத்திரிதான்) முன்பின் தெரியாத எங்களுக்காக அரை நாள் லீவு போட்டு வந்து நின்றீர்கள் தம்பி. டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

பிறகு பிரட்னிசலோனும் சைக்ளோஸ்போரினும் எதிர்ப்புச் சக்தியை அடக்கி அவளைப் பிழைக்க வைத்தன. அந்த அடக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. ஐப்பசி மழையில் முன்னங்கால் விரலிடுக்கில் சுண்டைக்காய் அளவு கட்டி வந்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சீழ்க்கட்டி என்று மூன்று வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒன்று மூன்றாகி, உடைந்து நீர் வடிந்தது. அவர்களை மட்டும் சொல்லி என்ன, நானும்தான் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அம்மா, நீங்கள் கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் தடவி, “இங்கே வந்து பாருங்க” என்று மைக்ராஸ்கோப் பக்கம் என்னை இழுத்தது நினைவிருக்கிறது. மூங்கில் போலக் கணுக்கணுவாகப் பழுப்பு நூல்கள். “மண்ணுல, காஞ்ச புல்லுல இருக்கிற பூஞ்சைதான். நல்லா இருக்கிற நாயை ஒண்ணும் பண்ணாது. இவளுக்குக் காவல்காரனையே நாம கட்டிப் போட்டிருக்கோமே” என்றீர்கள். எந்த முள் கீறலில் உள்ளே போனதோ.

ஆய்வகத்தில் இருந்த சிஸ்டருக்குத் தனியாக ஒரு கும்பிடு. வளர்ப்புத் தட்டில் கர்வுலேரியா என்று வந்ததும் நாங்கள் மருந்துச் சீட்டு கேட்டு அவசரப்பட்டோம். அது காற்றிலேயே திரிகிற பூஞ்சை, தட்டில் தானாக விழுந்தும் வளரும் என்று சொல்லி, அறுவையில் எடுத்த சதையிலிருந்து மறுபடி வளர்த்துப் பார்த்தீர்கள். இரண்டிலும் அதே பூஞ்சை வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டீர்கள். நெல்மணியைக் கருக்க வைக்கும் வகையும் அந்தக் குடும்பம்தான் என்று நீங்கள் சொன்னதிலிருந்து என் மாமனார் அரிசி களைகிற இடத்தில் நின்று எட்டிப் பார்க்கிறார்.

அதற்குப் பின் வந்த ஆறு வாரம்தான் பெரும்பாடு. அடக்கும் மருந்தைக் குறைத்தால் சோகை திரும்பலாம், குறைக்காவிட்டால் பூஞ்சை ஜெயிக்கும். போதாக்குறைக்கு இட்ராகோனசோல் சேரும்போது சைக்ளோஸ்போரின் ரத்தத்தில் ஏறிவிடுமாம். டாக்டர் அம்மா, நீங்கள் சைக்ளோஸ்போரினை முதலில் நிறுத்தினீர்கள். பிரட்னிசலோனைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று கால் மாத்திரை கால் மாத்திரையாக இறக்கினீர்கள். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு உங்கள் போன் வரும்: “ஈறு என்ன கலர்? சாப்பிட்டாளா?” கல்லீரலுக்காக மாதாமாதம் ரத்தம் எடுத்தாலும், சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள் என்றீர்கள். இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் அவள் எதிர்வீட்டில் கருவாடு தின்றுவிட்டு வந்திருந்தாள். நீங்கள் கோபிக்கவே இல்லை.

மெடிக்கல் ஷாப் அண்ணன், ஒரு கம்பெனி கேப்ஸ்யூல் மாதிரி இன்னொன்று இருக்காது, உள்ளே இருக்கும் குருணையே வேறுபடும் என்று சொல்லி, ஏழு மாதமும் ஒரே கம்பெனி சரக்கை எங்களுக்காக எடுத்து வைத்தீர்கள். “நாய்க்கா? படர்தாமரைக்குத்தானே எல்லாரும் வாங்குறாங்க” என்று முதல் நாள் சிரித்ததும் நீங்கள்தான்.

மாடி வீட்டு அக்கா, பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்று தெருவில் பேச்சுக் கிளம்பியபோது நீங்களே டாக்டரிடம் போய்க் கேட்டீர்கள். இது நாயிடமிருந்து ஆளுக்கு ஒட்டுகிற ரகம் இல்லை என்று தெரிந்துகொண்டு வந்து, அத்தனை பேர் பார்க்க அவளைத் தடவிக் கொடுத்தீர்கள். அந்த வாரம் எனக்கு அதுதான் மருந்து.

ஆட்டோ அண்ணன், உங்கள் சீட்டில் ரத்தக்கறை இன்னும் இருக்கிறது, எனக்குத் தெரியும். புது உறைக்குத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

செவலைக்கு நன்றியுணர்ச்சி கொஞ்சம் குறைவு. போன ஞாயிறு ரத்தம் கொடுத்த லாப்ரடார் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு வைத்த ஈரலைப் பிடுங்கித் தின்றுவிட்டு, அவனைப் பார்த்தே உறுமினாள். ஈறு நன்றாகத் தெரிந்தது டாக்டர் அம்மா, ரோஸ் கலர்.

அன்புடன்,
செவலை வீட்டார்,
குரோம்பேட்டை