இதில் இரண்டாவது தரப்பு எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 8 வரியில் ஒரு செய்தி: ‘பள்ளி மாணவர்கள் இரு தரப்பினரிடையே மோதல், ஒருவர் காயம்’. அந்த ஒருவன் என்னிடம் படித்த பெண்ணின் மகன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தவனை மூன்று பையன்கள் மறித்து அரிவாளால் வெட்டியிருக்கிறார்கள். முழங்கையில் 11 தையல். அவனிடம் இருந்தது புத்தகப் பை மட்டும்தான். முந்தின நாள் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டு எந்திரிக்க மாட்டேன் என்று சொன்னான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். இதில் இரண்டாவது தரப்பு எது ஐயா? யாரும் யாரோடும் மோதவில்லையே!

ஊரில் பதற்றம் வந்துவிடக் கூடாது என்று அப்படிப் போட்டிருப்பீர்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். 31 வருஷம் இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவள் நான். கையில் கலர் கலராகக் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். எந்தக் கலர் எந்தச் சாதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை பிரேயரில் கத்தரிக்கோலோடு நின்று வெட்டிப் போடுவேன். மறுநாள் அதே கலர் பனியனில் வரும், பொட்டில் வரும். சாமிக் கயிற்றை எப்படி வெட்டலாம் என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். வெளியே தெரிந்தால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று நாங்கள் மூடி மறைப்போம்.

ஏழாம் வகுப்பில் இரண்டு பையன்கள். ஒருவன் வாய் வைத்துக் குடித்த பாட்டிலை மற்றவன் துடைக்கக்கூட மாட்டான், அப்படியே வாங்கிக் குடிப்பான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் அவன் அந்தப் பாட்டிலை வாங்கி அண்ணாந்து ஊற்றிக் குடித்தான். கொடுத்தவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளிலிருந்து அவன் பாட்டிலை நீட்டவே இல்லை. இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது இன்றைக்கும் உறுத்துகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து சக மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டிய பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டார்கள். கயிறு கூடாது, பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பெரிதாகப் போட்டீர்கள். அதன்பிறகு எந்தப் பள்ளியில் அப்படி உட்கார வைத்தார்கள் என்று ஒரு வரியாவது வந்ததா? ஒடுக்கப்பட்டவர்கள் குடியிருப்பைக் குறிக்கிற ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்ததைக் கட்டம் கட்டிப் போட்டீர்கள். ஆனால் இந்த 8 வரிக்குள் ‘காலனியைச் சேர்ந்த மாணவர்’ என்று எழுதியிருக்கிறது. வெட்டியவர்கள் எந்தத் தெரு என்று இல்லை. வெட்டுப்பட்டவனுக்கு மட்டும் காலனி. ஆகஸ்ட் 15 கோயில் பொது விருந்தில் அமைச்சரும் கலெக்டரும் இலை போட்டுச் சாப்பிடுகிற படம் வருஷம் தவறாமல் வருகிறது. பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் யார் என்று ஒரு தடவைகூடப் போட்டதில்லை.

எங்கள் ஜனங்களுக்குச் சேர்ந்திருக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுபோனபோது புதுக்குடிக்காரர்கள் சோறு பொங்கிப் போட்டதை நீங்களே எழுதினீர்கள். எங்கள் பள்ளி மாடியிலும் மேலத்தெரு, கீழத்தெரு எல்லாரும் மூன்று ராத்திரி கிடந்தோம். சத்துணவு அண்டா ஒன்றுதான். சமைத்தது சத்துணவு அக்கா, கீழத்தெரு. அவர் கைச் சோறு வேண்டாமென்று பேரனுக்கு டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பிய மேலத்தெரு ஆச்சி ஒருவர், ஈரச் சேலையோடு அந்த அண்டா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். குழம்பு தீரப் போகிற நேரம் கடைசிக் கரண்டியை ஆச்சி தட்டில் ஊற்றிவிட்டு அக்கா வெறும் சோற்றைப் பிசைந்தார். ஆச்சி தன் தட்டிலிருந்து குழம்புச் சோற்றைக் கையாலேயே அள்ளி அக்கா தட்டில் வைத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொங்கல் கழிந்து டிபன் பாக்ஸ் திரும்ப வந்துவிட்டது, அது வேறு வேதனை. ஆனால் அந்தக் கை நீண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். வெட்டுப்பட்ட பையனும் வெட்டிய மூவரில் ஒருவனும் அந்த மாடியில் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் ஒட்டிக்கொண்டு தூங்கினவர்கள். நடுவில் என்ன நடந்தது, யார் அவன் கையில் அரிவாளைக் கொடுத்தது என்று எழுதுங்கள். நீங்கள் எழுதாமல் யார் எழுதுவது? அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு ஒற்றுமையாக இருங்கள் என்றால், அடிபட்ட வீட்டில் யார் கேட்பார்கள்?

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் உங்கள் செய்தியைக் காட்டி, “டீச்சர், மோதல்னு போட்டிருக்கே, எம் மவன் யாரை அடிச்சான்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதே பக்கத்தில், அதே அளவில், ‘மோதல் அல்ல, தாக்குதல்’ என்று ஒரு திருத்தம் போடுங்கள். ‘காலனி’ வேண்டாம், தெருப் பெயர் போதும். வருகிற நாளை முன்கூட்டியே சொன்னால் அவளுக்கு ஒரு பேப்பர் வாங்கிக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.